எல்லையோரத்தில் கடை: செங்கோட்டை–புனலூர் பாதைச் சிறு வணிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் பஸ் ஏறினால், ஊர் வருவதற்கு முன்பே நடத்துநர் "பார்டர், பார்டர்" என்று குரல் கொடுப்பார். பிரானூர் பார்டர். இறங்கிப் பார்த்தால் எல்லை எதுவும் தென்படாது. பரோட்டாக் கடைகளும் மரம் அறுக்கும் மில்களும்தான் இருக்கும். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் எல்லை அங்கே இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எல்லை மேற்கே மலையேறிப் போய்விட்டது. பெயரும் வியாபாரமும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன.

இந்தப் பக்கத்துச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். புதிதாகக் கடை போட வருகிறவர்களிடம் முதலில் பிரானூர் கதையைத்தான் சொல்வேன். எல்லை நகரும், மூடும், சில நேரம் அர்த்தமே இல்லாமல் போய்விடும். அப்போதும் கடை நிற்க வேண்டும். அதற்கான திட்டத்தை எப்படிப் போடுவது என்பதை, என் மேசைக்கு வந்த கணக்குகளை வைத்தே சொல்கிறேன். தமிழ்நாடு–கேரள எல்லையின் மற்ற வழிகளான கம்பம்–குமுளி, களியக்காவிளை, வாளையாறு பக்கத்தில் இருப்பவர்கள் ஊர்ப் பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

முதல் படி: எந்த வேறுபாட்டில் பிழைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

எல்லையோர வியாபாரம் எல்லாமே ஏதோ ஒரு வேறுபாட்டில்தான் பிழைக்கிறது. இந்தப் பக்கம் மலிவு, அந்தப் பக்கம் விலை கூடுதல். இங்கே விளைகிறது, அங்கே விளைவதில்லை. அங்கே அனுமதி உண்டு, இங்கே தடை. உங்கள் கடைக்கு வரும் ஆள் எதற்காக மலை இறங்கி வருகிறார் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் திட்டம் போடும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, நான்கு வாடிக்கையாளர்களிடம் கேட்டு வாருங்கள்.

எழுதிய பிறகு ஒரு கேள்வி. அந்த வேறுபாட்டை ஓர் அரசாணையால் அழிக்க முடியுமா?

2017 ஜூலை 1-க்கு முன்பு இரண்டு மாநிலங்களிலும் வாட் வரி விகிதங்கள் வேறு வேறாக இருந்தன. அந்த இரண்டு, மூன்று சதவீத இடைவெளியையே முதலாக வைத்து நடந்த கடைகள் உண்டு. ஜிஎஸ்டி வந்த அன்று அந்த முதல் கரைந்துவிட்டது. லாட்டரிக்குத் தமிழ்நாடு 2003-இல் தடை போட்டது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில் இருக்கும் லாட்டரிக் கடைகளுக்கு அந்தத் தடைதான் இன்றுவரை சோறு போடுகிறது. நாளை சென்னையில் ஒரு கையெழுத்து விழுந்தால் அந்த வியாபாரம் சுருண்டுவிடும். பெட்ரோல் பங்கும் அப்படித்தான். 2023 ஏப்ரலில் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி போட்டதும் இந்தப் பக்கத்துப் பங்குகளின் மலிவு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. அதைக் கொடுத்தவர்கள் திருவனந்தபுரத்துக்காரர்கள், பங்கு முதலாளி அல்ல. கொடுத்ததை அவர்களே எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

மண், பருவம், கைப்பழக்கம், நாக்கு ஆகியவற்றால் வரும் வேறுபாடு லேசில் போகாது. ஓணத்துக்குத் தோவாளைப் பூ மலையாள நாட்டுக்குப் போவது எந்தச் சட்டத்தாலும் வந்ததில்லை. பார்டர் பரோட்டாவும் நாக்கின் சமாச்சாரம்தான்.

என்னிடம் கணக்கு எழுதும் ஒரு பப்படக்காரர் இருக்கிறார். தமிழ்ச் சாப்பாட்டுக்குப் போடும் அப்பளத்தையும் கேரள விருந்தான சத்யைக்குப் போடும் பப்படத்தையும் ஒன்றாக நினைப்பவர்கள் அவர் பட்டறைக்கு ஒருநாள் போய் வர வேண்டும். பப்படம் சிறியது. எண்ணெயில் விழுந்ததும் பந்து மாதிரி உப்ப வேண்டும். உப்பாவிட்டால் பெட்டியோடு திரும்பி வந்துவிடும். உளுந்து மாவில் அப்பளக் காரம் எவ்வளவு சேர்ப்பது, எத்தனை மணி நேர வெயில் என்பது அவர் கையில் இருக்கிறது. அவருடைய தாளில் அந்த ஒரு வரி இப்படி இருக்கிறது: "உப்புகிற பப்படம், புனலூர்க் கடைக்கு மறுநாள் காலையில்." இதை எந்த அரசாணையும் தொட முடியாது.

நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி வேறுபாடு அரசாணையால் அழியக்கூடியது என்றால் கடையைப் போடவே கூடாது என்று சொல்லவில்லை. போடுங்கள். ஆனால் ஐந்து வருடக் கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பாதீர்கள். வாடகைக் கடையில் நடத்துங்கள், போட்ட முதலை இரண்டு வருடத்தில் திரும்ப எடுக்கிற மாதிரி விலை வையுங்கள்.

இரண்டாம் படி: வண்டி எண்ணை எண்ணுங்கள்

"கேரளக்காரர்கள்தான் சார் முக்கால்வாசி" என்பார்கள். எண்ணிப் பார்த்தால் கால்வாசிகூடத் தேறாது. நேர்மாறாகவும் நடந்திருக்கிறது.

இதற்கு ஆய்வு நிறுவனம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு புதன்கிழமையும் கடை வாசலில் ஒரு பையனை நோட்டோடு உட்கார வையுங்கள். நிற்கும் வண்டிகளில் டிஎன் 76, கேஎல் 25 புனலூர், கேஎல் 24 கொட்டாரக்கரை, கேஎல் 02 கொல்லம் என்று கோடு போட்டுக்கொண்டே போகட்டும். பிறகு மூன்று மாதத்துப் பில் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்துக்குப் போன பில்களில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். தலை எண்ணிக்கை வேறு, பணம் வேறு என்பது அப்போது தெரியும். குற்றாலச் சாரலில் வருகிற கூட்டம் வண்டிக் கணக்கில் பெரிதாக இருக்கும், பில் தொகையில் சின்னதாக இருக்கும். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்க வருகிற ஒரே ஒரு ஜீப் ஒரு வாரத்து விற்பனையைத் தூக்கிவிடும்.

இந்த விகிதத்தை எழுதி வையுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது.

மூன்றாம் படி: வரிக் கோட்டை சரியாகப் போடுங்கள்

இந்தப் பகுதி நீளம். எல்லையோரக் கடைகள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சலுகை மாநிலத்துக்கு உள்ளே விற்பவருக்கு மட்டும் என்பது பலருக்குத் தெரியாது. வரி உள்ள ஒரு சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், சில கைவினைப் பொருட்கள் நீங்கலாக, முதல் ரூபாயிலேயே பதிவு கட்டாயம். தென்காசிக்குள்ளேயே விற்கிறவருக்குக் கிடைக்கும் சலுகை, அதே அளவு சரக்கை மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவுக்கு அனுப்புகிறவருக்குக் கிடைக்காது.

பப்படக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பப்படத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரியில்லாச் சரக்கை மட்டும் விற்பவர் எவ்வளவு விற்றாலும், எங்கே விற்றாலும் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் போன வருடம் அவர் மகன், "அதே வண்டியில் நேந்திரங்காய் சிப்ஸும் நாலு பெட்டி போகட்டுமே" என்றான். சிப்ஸுக்கு வரி உண்டு. அந்த நாலு பெட்டி எல்லை தாண்டிய நிமிடமே பதிவு, மாதாந்தரக் கணக்கு எல்லாம் தொடங்கிவிடும். நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சிப்ஸில் வரும் லாபம் என்னுடைய சம்பளத்துக்குக்கூடப் போதவில்லை. சிப்ஸை விட்டுவிட்டார்கள்.

சேவைத் தொழிலுக்கு வேறு விதி. கொல்லத்துக்குப் போய்க் கல்யாணப் படம் எடுக்கும் புகைப்படக்காரர் 20 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை பதிவு இல்லாமல் செய்யலாம்.

அடுத்தது காம்போசிஷன் திட்டம். ஒன்றரைக் கோடி விற்றுமுதல் வரை ஒரு சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பலர் இதில் சேர்கிறார்கள். இதில் இருப்பவர் வெளிமாநிலத்திலிருந்து சரக்கு வாங்கலாம், வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. கடைக்கு வந்து வாங்கிப் போகும் கேரள வாடிக்கையாளர் எந்தக் கணக்கில் வருவார்? 2023 அக்டோபர் 1 முதல் இதற்குத் தெளிவான விதி இருக்கிறது. வாங்குபவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால், பில்லில் எழுதிய முகவரி எந்த மாநிலமோ அந்த மாநிலத்துக்கு விற்றதாகக் கொள்ளப்படும். முகவரி எழுதாவிட்டால் கடை இருக்கும் மாநிலத்திலேயே விற்றதாகும். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே கணக்கு.

இந்த விதியில் நானே ஒருமுறை வழுக்கினேன். காம்போசிஷனில் இருந்த ஒரு பாத்திரக் கடை. கல்யாணச் சீர் வாங்க வருகிறவர்களின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாவற்றையும் முதலாளி தன் கையால் முத்து முத்தாகப் பில்லில் எழுதுவார். "புனலூர், கேரளம்." விதி மாறியதை நான் கவனிக்க நாலு மாதம் ஆகிவிட்டது. நோட்டீஸ் வந்தபோதுதான் பில் புத்தகத்தைப் புரட்டினோம். அத்தனை பில்லும் மாநிலம் தாண்டிய விற்பனையாக நின்றது. ஒரு சதவீதம் கட்டிய இடத்தில் முழு வரி, வட்டி, அபராதம். வாடிக்கையாளரிடம் அந்த வரியை வாங்கியிருக்கவும் இல்லை. "அண்ணாச்சி, ஊர் பேரைக் கேட்டு எழுதுவது மரியாதை என்றுதானே எழுதினேன்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

"அப்படியானால் முகவரி எழுதாமலேயே விட்டுவிடுகிறோம்" என்று உடனே சிலர் சொல்வார்கள். சின்னப் பில்லுக்கு அது சட்டப்படியே சரி. ஆனால் 50,000 ரூபாயும் அதற்கு மேலும் போகும் வரிப் பில்லில் வாங்குபவரின் பெயர், முகவரி, மாநிலம் கட்டாயம். என் கருத்து இது: இரண்டாம் படியில் எண்ணியபோது கேரளப் பங்கு கால்வாசியைத் தாண்டினால், காம்போசிஷனை விட்டுச் சாதாரணப் பதிவுக்குப் போய்விடுங்கள். மத்திய வரி, மாநில வரி என்று இரண்டு பத்தியில் விழுவது, மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஐஜிஎஸ்டி என்று ஒரே பத்தியில் விழும். வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை ஒன்றுதான். உங்களுக்கு எழுத்து வேலை கூடும், தூக்கம் கெடாது.

வண்டி அனுப்புவதற்கு மூன்று குறிப்புகள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரை இ-வே பில் (சரக்கு வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் சீட்டு) இல்லாமல் அனுப்பிப் பழகியவர்கள், மாநிலம் தாண்டும்போது வரம்பு 50,000 ரூபாய்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். பிடிபட்டால் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. இ-வே பில்லின் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். மலையில் வண்டி பழுதாகி நின்றால் காலாவதி ஆவதற்குள் நீட்டித்துவிடுங்கள். மூன்றாவது, திரும்பி வரும் வண்டியைப் பற்றியது. காலி வண்டியில் "கொஞ்சம் சாக்கு மூட்டை, நல்ல வாடகை" என்று யாராவது கேட்டால் ஓட்டுநர் மறுக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கேரள மருத்துவக் கழிவு கொட்டப்பட்ட விவகாரம் எவ்வளவு பெரிதானது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். மூட்டையில் இருந்தது என்னவென்று தெரியாது என்ற பதில் போலீஸ் நிலையத்தில் செல்லாது.

புனலூரில் ஒரு சின்ன குடோன் போட்டால் என்ன என்ற ஆசை எல்லோருக்கும் ஒருமுறை வரும். அங்கே இடம் எடுத்தால் கேரளத்தில் தனிப் பதிவு வேண்டும். வரியுள்ள உங்கள் சரக்கை நீங்களே அங்கே கொண்டுபோய் இறக்கினாலும் விற்பனை போலவே வரி போட வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் வண்டி போகும் அளவுக்கு வியாபாரம் வளரும்வரை அந்த ஆசையை ஒத்திப்போடுங்கள்.

நான்காம் படி: இரண்டு நாட்காட்டிகளை ஒன்றாக மாட்டுங்கள்

தமிழ் நாட்காட்டியையும் மலையாள நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பாருங்கள். நமக்கு ஆடி, அவர்களுக்குக் கர்க்கடகம். இரண்டும் ஒரே நேரம், இரண்டு பக்கமும் கல்யாணம் கிடையாது. துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் ஒரு பக்கம் விழுந்தால் மறுபக்கம் தாங்கும் என்ற கணக்கு இங்கே பலிக்காது. அதே ஆடியில்தான் குற்றாலத்தில் சாரல். பலகாரக் கடைக்கும் லாட்ஜுக்கும் அது அறுவடை. கர்க்கடகக் கஞ்சிக்குச் சாமான் தேடி வருபவர்களை நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர் இரண்டு வருடமாகப் பிடித்து வைத்திருக்கிறார்.

அடுத்த மாதம் ஆவணி, அவர்களுக்குச் சிங்ஙம். இங்கே முகூர்த்தம், அங்கே ஓணம். இரண்டும் சேர்ந்து ஏறும். திருவோணம் 2024-இல் செப்டம்பர் 15, 2025-இல் செப்டம்பர் 5, 2026-இல் ஆகஸ்ட் 26 என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். "செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தால் சில வருடம் பந்தி முடிந்த பிறகுதான் இலை போடுவீர்கள். திருவோணத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பத்து நாளுக்கு முன்பு அத்தம், அன்று முதல் சில்லறை விற்பனை சூடு பிடிக்கும். அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே அங்கத்துக் கடைகளில் உங்கள் சரக்கு அடுக்கியிருக்க வேண்டும். அதற்கும் மூன்று வாரம் முன்பு உளுந்து வாங்கப் பணம் வேண்டும். பெரும்பாலான வருடங்களில் கையில் காசு வற்றிக் கிடக்கும் ஆடியில் வந்து நிற்கிறோம். எல்லையோரக் கடைக்கு வங்கிக் கடன் உண்மையில் தேவைப்படும் மாதம் ஆடிதான். ஆனியிலேயே விண்ணப்பம் கொடுங்கள்.

கார்த்திகை முதல் தேதி தொடங்கி மகர விளக்கு வரை சபரிமலைக் கூட்டம் அச்சன்கோவில், ஆரியங்காவு வழியில் எதிர்த் திசையில் போகும். அதற்கு வேறு சரக்கு, வேறு விலை.

ஐந்தாம் படி: பேச்சும் பலகையும்

சுருக்கமாகவே சொல்கிறேன். மலையாளி "சர்க்கர" கேட்டால் வெல்லம் கொடுங்கள். சீனி வேண்டுமென்றால் "பஞ்சசார" என்பார். இதைத் தெரியாத பையன் ஒருவன் ஓண வாரத்தில் ஒரு மூட்டைச் சீனியைப் பிரித்து நிறுத்துவிட்டான். பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி, கீழே மலையாளம் எழுதலாம். எழுதுவதற்கு முன்பு படித்த ஒரு மலையாளியிடம் காட்டுங்கள். எங்கோ நெய்த வேட்டியைப் "பலராமபுரம்" என்று எழுதி விற்காதீர்கள். அது புவிசார் குறியீடு பெற்ற பெயர், வழக்கு வரும்.

ஆறாம் படி: கடனுக்கு எல்லை

அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் நாணயம் குறைந்தவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நம் பக்கமும் அதே லட்சணம்தான். மலை தாண்டிப் போய்க் கேட்க வேண்டியிருப்பதால் கடன் தானாக நீள்கிறது.

உற்பத்தி செய்பவர் என்றால் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், செலவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் வாங்கியவர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், சிறு தொழில்களின் பாக்கித் தகராறைத் தீர்க்கும், உங்கள் பகுதிக்குரிய வசதியாக்க மன்றத்திலேயே முறையிடலாம். கொல்லத்துக்கு அலைய வேண்டாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்கள் காசோலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. திரும்பி வந்தால், உங்கள் கணக்கு உள்ள வங்கிக் கிளை இருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். 2015-இல் சட்டம் அப்படித் திருத்தப்பட்டது.

ஏழாம் படி: கதவு மூடும் நாளுக்குக் கணக்கு

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் கம்பம்–குமுளிச் சாலை வாரக்கணக்கில் அடைபட்டது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் எல்லாச் சாவடியும் மூடியது. செங்கோட்டை–புனலூர் ரயில் அகலப் பாதை வேலைக்காக 2010-இல் நின்று 2018-இல்தான் மீண்டும் முழுதாக ஓடியது. இவை தவிர மண்சரிவு, பறவைக் காய்ச்சல், ஹர்த்தால் என்னும் முழு அடைப்பு. ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதால் அதற்காவது தயாராக முடியும்.

பப்படக்காரரின் கணக்கை எண்களை முழுதாக்கிக் காட்டுகிறேன். மாத விற்பனை 5 லட்சம். மூலப்பொருள் போக நிற்பது 25 சதவீதம், அதாவது 1,25,000. கூலி, வாடகை, மின்சாரம், தவணை என்று விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் செலவு 1,00,000. மாதம் 25,000 மிச்சம். விற்பனையில் கேரளப் பங்கு 60 சதவீதம். பாதை ஒரு மாதம் மூடினால் உள்ளூர் விற்பனை 2 லட்சத்தில் நிற்பது 50,000. குறைவது 50,000. ஒன்றரை மாதம் என்றால் 75,000. இது சமாளிக்கக்கூடிய பள்ளம். பெரிய பள்ளம் வேறிடத்தில் இருக்கிறது. அவர் அந்தப் பக்கத்துக்கு ஒரு மாதக் கடன் கொடுக்கிறார், அதனால் 3 லட்சம் ரூபாய் மலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும். உளுந்து மண்டிக்குத் தர வேண்டியதோ இந்தப் பக்கம்.

கடனை 30 நாளிலிருந்து 12 நாளாகக் குறைக்கச் சொன்னேன். தொகை 3 லட்சத்திலிருந்து 1,20,000 ஆகும். இரண்டு கடைகள் விலகின. மற்றவர்கள் விலையில் ஒரு சதவீதம் தள்ளுபடிக்கு ஒத்துக்கொண்டார்கள். 75,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு, ஓணத்துக்குக்கூட அதைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறார். கூடவே தென்காசி, கடையநல்லூர் ஓட்டல்களுக்குத் தமிழ் அப்பளம் போடவும் ஆரம்பித்திருக்கிறார். அவருக்கு அதில் மரியாதைக் குறைவு. "இது உப்பவே உப்பாது சார்" என்று அலுத்துக்கொள்வார். இருந்தாலும் 60 என்பது 50 ஆகியிருக்கிறது.

கடைசிப் படி: ஒரே தாள்

மேலே சொன்னவற்றை ஒரு முழுத் தாளின் ஒரு பக்கத்தில் அடக்குங்கள். வேறுபாட்டைச் சொல்லும் அந்த ஒரு வரி, கேரளப் பங்கு, வரிப் பதிவின் நிலை, திருவோணத்திலிருந்து பின்னோக்கிய தேதிகள், மலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் கடன் தொகை, மூடும் நாளுக்கான பணம், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பென்சிலால் எண்களைத் திருத்துங்கள். கேரளப் பங்கு பத்துப் புள்ளிக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் தாளை முதலிலிருந்து எழுதுங்கள். பட்ஜெட் மாதங்களில் இரண்டு மாநிலத்துப் பத்திரிகைகளையும் பாருங்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு அதற்காக ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

பப்படக்காரர் தன் தாளைக் கல்லாப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். உளுந்து மாவு படிந்து எழுத்து பாதி தெரிவதில்லை. அடுத்து திருத்த வேண்டிய தேதியை மட்டும் சிவப்பில் பெரிதாக எழுதியிருக்கிறார்: ஆனி 15.